குசும்பாப் பூவுக்கு முகூர்த்தம்

மலாக்கா காஜா பெராங் சாலையில் இருந்த தமிழர் மரபுக் காப்பு மன்றத்தில் தீர்மானம் இல்லாமல் ஒரு துரும்பும் அசையாது. கூட்ட அறையின் மின்விசிறி நின்றுபோனபோது அதைப் பழுது பார்க்க அவர்கள் ஆள் தேடவில்லை. மலாக்காவின் வெயிலைக் கண்டித்து ஒரு தீர்மானம் போட்டார்கள். அது ஏகமனதாக நிறைவேறியது. வெயில் கட்டுப்படவில்லை என்பதையும் அடுத்த கூட்டத்தில் வருத்தத்துடன் பதிவு செய்தார்கள்.

தலைவர் பொன்னுதுரை ரயில்வேயில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில் ஏன் தாமதமானது என்பதற்குக் காரணம் எழுதுவதில் இந்த நாட்டிலேயே அவருக்கு நிகர் இல்லை. அவருக்கு ஒருநாள் பழைய காகிதக் கடையில் ஓர் ஆங்கிலக் கையேடு கிடைத்தது. ஊருக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் அலமாரியிலிருந்து வந்திருக்க வேண்டும். குசும்பாச் செடியில் பூவின் நிறம் தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைச் செடிக்கு எப்படி இறங்குகிறது என்பதைப் பற்றியது அது. குசும்பாவை நம் ஆட்கள் பலர் பார்த்ததில்லை. மலாய்க்காரர்கள் கெசும்பா என்பார்கள். ஒரு காலத்தில் துணிக்குச் சாயம் ஏற்ற உதவிய பூ. பொன்னுதுரை கையேட்டின் முன்னுரையைப் படித்தார். முடிவுரையைப் படித்தார். நடுவில் இருப்பதெல்லாம் வெறும் விவரம் என்று விட்டுவிட்டார்.

அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார்.

"அன்பர்களே, அடுத்த ஆண்டு இந்த நாடு விடுதலை பெறப் போகிறது. விடுதலை வந்துவிட்டால் எல்லாரும் சமம் என்று சொல்லிவிடுவார்கள். அப்புறம் யார் உயர்ந்தவர் என்று கண்டுபிடிப்பது மிகவும் கஷ்டம். அதற்குள் அசல் தமிழர் யார், கலப்பு யார் என்பதை நாம் விஞ்ஞானப்படி முடிவு செய்தாக வேண்டும். மனிதர்களை வைத்து ஆராய்ந்தால் சண்டை வரும். பூக்களை வைத்து ஆராய்வோம். முடிவை மட்டும் மனிதர்கள் மேல் வைப்போம்."

கைதட்டல் ஓய்ந்ததும், காற்றுக்காக ஜன்னலைத் திறக்கலாமா என்று கேட்பதற்காகச் சேதுராமன் கையைத் தூக்கினார். செயலாளர் மருதமுத்து அதை வழிமொழிதல் என்று எழுதிக்கொண்டார். இப்படியாகத்தான் குசும்பா ஆய்வுக்குழுவில் சேதுராமன் உறுப்பினரானார். ஜன்னல் கடைசிவரை திறக்கப்படவில்லை.

சேதுராமன் நகராட்சியில் தண்ணீர் மீட்டர் படிப்பவர். யாரையும் பகைத்துக்கொள்ளாதவர் என்று பெயர். உண்மையில் அவருக்கு ஒரு பயம் இருந்தது, அதைத்தான் ஊரில் பணிவு என்று நினைத்துக்கொண்டார்கள். அவர் மனைவி நாகம்மா, மன்றத்துக்கு அடுத்த வீட்டுக் கணபதியின் மகள். அவர்கள் மலாக்காச் செட்டிகள். வெள்ளைக்காரனுக்கு முந்தி, அவனுக்கு முந்தி வந்தவனுக்கும் முந்தி இங்கே குடியேறி, இந்த ஊர்ப் பெண்களைக் கட்டிக்கொண்ட தமிழ் வம்சம். கை திருநீறு பூசும், வாய் மலாயில் பேசும். வீட்டில் பெண்கள் கெபாயாவும் சாரோங்கும் உடுத்துவார்கள். சேதுராமன் விரும்பித்தான் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்ட பிறகு வெட்கப்பட ஆரம்பித்தார்.

மன்றம் இந்த வீட்டுக்குக் குடிவந்ததற்கு வெகு காலம் முன்பே நாகம்மா கல்யாணமாகிச் செமாபோக்குக்குப் போய்விட்டாள். அதனால் மன்றத்தில் யாருக்கும் அவளைத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்று சேதுராமன் பார்த்துக்கொண்டார். எந்த விழாவுக்கும் அவளை அழைத்து வரமாட்டார். கேட்டால் உடம்பு சரியில்லை என்பார். அவர் சொன்ன நோய்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் நாகம்மா எப்போதோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

மீட்டர் படிக்க அந்தத் தெருவுக்கு வரும்போதுதான் சங்கடம். மாமனார் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி எண்ணைக் குறித்துக்கொள்வார். மன்றத்து ஜன்னலில் ஒரு தலை தெரிந்தால் போதும், "தெரிமா காசி, இன்சே" என்று முன்பின் அறியாதவரிடம் சொல்வது போல நன்றி சொல்லிவிட்டுப் பெடலை மிதிப்பார். கணபதி முதல் தடவை திகைத்தார். அடுத்த தடவையே புரிந்துகொண்டு, "சாமா-சாமா, இன்சே" என்று அந்நிய அதிகாரிக்குச் சொல்வது போலவே மரியாதையாகத் தலையாட்டினார். மருமகனின் மானத்தைக் காப்பாற்றுவதும் பெண்ணைப் பெற்றவனின் கடமை என்று அவர் நினைத்திருக்கலாம். அவர் அப்படித் தலையாட்டும்போதெல்லாம் சேதுராமனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். ஆனாலும் அடுத்த மாதமும் அதையேதான் செய்வார்.

மன்றத்தின் கொல்லையில் பாத்தி கட்டினார்கள். சேலத்திலிருந்து ஓர் உறுப்பினரின் மச்சான் விதை அனுப்பினார். அவை மஞ்சளாகப் பூத்து, வாடும்போது சிவந்தன. பொன்னுதுரை கண்கலங்கிவிட்டார். பிறக்கும்போது மஞ்சள், மறையும்போது குங்குமம், இதைவிட நம் பண்பாட்டை எடுத்துச் சொல்ல ஒரு பூ உண்டா என்று கேட்டார். ஒப்பிட்டுப் பார்க்க வேறு நிறமும் வேண்டுமல்லவா? டவுனில் கிளிக்கும் புறாவுக்கும் தீனி விற்கும் கடையில் ஒரு பொட்டலம் வாங்கி விதைத்தார்கள். அதிலிருந்து வெள்ளைப் பூக்கள் வந்தன. உள்ளூர்க் கடையில் வாங்கியதால் வெள்ளைக்கு 'உள்ளூர்க் கலப்பு' என்று பெயர் வைத்தார்கள். மஞ்சளுக்கு 'மூலம்' என்று பெயர்.

மன்றத்துக் கொல்லையில் குழாய் கிடையாது. பக்கத்து வீட்டுக் கணபதியிடம் கேட்டார்கள். அவர் வேலிக்கு மேலாக ரப்பர் குழாயை நீட்டிவிட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அசல் தமிழர் யார் என்பதைக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி முழுவதும் அந்தச் செட்டி வீட்டுத் தண்ணீரில்தான் நடந்தது. மழையில் பாதிச் செடிகள் அழுகிச் செத்தன. அவற்றுக்கு இரங்கல் தீர்மானம் போட்டார்கள்.

பூத்ததும் மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் கல்யாணம் செய்து வைப்பதென்று முடிவாயிற்று. அப்போது, மலாய் வழக்கில் எல்லாரும் 'சிகு' என்று அழைக்கும் ஆசிரியர் கருணாகரன் எழுந்தார். அவர் இடைநிலைப் பள்ளியில் உயிர்நூல் பாடம் நடத்துபவர். கையேட்டின் நடுப்பகுதியைப் படித்த ஒரே உறுப்பினர். அவர் சொன்னது இதுதான்: குசும்பாவில் ஒவ்வொரு பூவுக்குள்ளும் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. வெளியிலிருந்து ஒருவரும் வர வேண்டியதில்லை, விடியற்காலையிலேயே அது தன்னைத்தானே சூல் கொள்ளும். ஆகவே விடிவதற்கு முன்பே வெள்ளைப் பூவிலிருக்கும் ஆண் தாதுப்பைகளை ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு மஞ்சள் பூவின் தூளைத் தடவினால்தான் அது கலப்பு. இல்லாவிட்டால் வெறும் சடங்கு.

மன்றத்தில் ஓர் அதிர்ச்சி பரவியது. பொன்னுதுரை மேசையைத் தட்டினார்.

"சிகு, நீங்கள் படித்தவர். நாளை தாயாகப் போகிற ஒரு பூ. அதன் இதழை விரித்து, இருட்டில், ஆண்பிள்ளைகள் கூடி நின்று, ஊசியால்... சொல்லவே என் வாய் கூசுகிறது. இது மரபுக் காப்பு மன்றம் ஐயா. மேலும், ஒரே பூ ஆணாகவும் பெண்ணாகவும் இருக்கிறது என்கிறீர்கள். அது வெள்ளைக்காரன் ஊர்ப் பூவாக இருக்கலாம்."

கருணாகரன் அது இயற்கை என்றார். இயற்கைக்கு மன்றத்தில் வாக்குரிமை இல்லை என்று மருதமுத்து விதியைப் படித்துக் காட்டினார். மணப்பெண் பூ முழுக்க முழுக்கப் பெண்ணே என்று தீர்மானம் வந்தது. கருணாகரனைத் தவிர எல்லாரும் கையைத் தூக்கினார்கள். சேதுராமனும் தூக்கினார். பூ ஆணா பெண்ணா என்பதில் அவருக்கு ஒரு கருத்தும் இல்லை. தூக்காத கை எல்லார் கண்ணிலும் படும் என்பது மட்டும் தெரியும்.

கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. விடியற்காலையில் நல்ல நேரம் இல்லையென்று பஞ்சாங்கம் சொன்னதால், வெயில் ஏறிய பிறகு முகூர்த்தம் வைத்தார்கள். வெள்ளைப் பூவின் தண்டில் மஞ்சள் நூல் கட்டினார்கள். பொன்னுதுரை தன் பேத்தியின் சாயத் தூரிகையால் மாப்பிள்ளைப் பூவைத் தொட்டு மணப்பெண்ணின் மேல் பட்டும் படாமலும் தடவினார். முதிய உறுப்பினர்கள் அட்சதை போட்டார்கள். இலைகளில் முள் இருந்ததால் அட்சதையோடு கொஞ்சம் ரத்தமும் சிந்தியது. மணப்பெண் அதற்கு முன்பே, சூரியன் வருவதற்குள், தன் காரியத்தைத் தானே முடித்துக்கொண்டிருந்தது. முகூர்த்தத்துக்குள் தாயாகிவிட்ட மணப்பெண்ணுக்குத் தாலி கட்டிய மன்றம் உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். அதே மாதிரி மஞ்சளைப் பெண்ணாகவும் வெள்ளையை மாப்பிள்ளையாகவும் வைத்து இன்னொரு கல்யாணமும் நடத்தினார்கள்.

விதைகளைப் பத்திரப்படுத்தி மறுபடி விதைத்தார்கள். சுதந்திர வருஷத்தின் நடுவில் பிள்ளைச் செடிகள் பூத்தன. எதிர்பார்க்க வேண்டியதுதான் நடந்தது. வெள்ளைத் தாயின் பிள்ளைகள் வெள்ளை. மஞ்சள் தாயின் பிள்ளைகள் மஞ்சள். தகப்பன் என்று ஒருவன் வந்துபோன தடயமே இல்லை. ஏனென்றால் வரவே இல்லை.

பொன்னுதுரை இதைக் கண்டுபிடிப்பு என்றார். நிறம் தாய்வழியே இறங்குகிறது, தகப்பனுக்கு அதில் பங்கு இல்லை, ஆகவே தாய் அசலாக இருந்தால் பிள்ளை அசல் என்று அறிவித்தார். ஆண் உறுப்பினர்களின் முகம் கொஞ்சம் சுருங்கியது. அதைக் கவனித்து, தகப்பன் தருவது பெயரும் விலாசமும் என்று ஆறுதலாக ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சுதந்திர ஊர்வலத்தில் மன்றத்தின் சார்பாக ஓர் அலங்கார லாரி போகிறது. அதில் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு நிற்பார்கள். தாய் அசலென்று உறுதியான பிள்ளைகளுக்கு மட்டுமே லாரியில் இடம்.

சேதுராமனின் மகள் கமலவேணி இரண்டு மாதமாக அந்த லாரியைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. பாட்டு மனப்பாடம். நாகம்மா அவளுக்குப் பச்சைப் பாவாடையும் சிவப்புச் சட்டையும் கையாலேயே தைத்து, கரையில் தன் பாட்டனார் வீட்டு வழக்கப்படி மணி கோத்திருந்தாள். சேதுராமன் அந்த மணிகளைப் பார்த்துவிட்டு, இவ்வளவு வேண்டாமே என்றார். நாகம்மா மணிகளை எடுத்துவிட்டாள். கரை முழுக்க ஊசித் துளைகள் மட்டும் இருந்தன.

இந்தச் சமயத்தில்தான் வெள்ளைப் பிள்ளைகளின் வரிசையில் ஒரு மஞ்சள் பூ மலர்ந்தது.

அதை முதலில் பார்த்தவர் சேதுராமன்தான். வேலிக்கு மேல் கணபதி குழாயை நீட்ட, இவர் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நல்ல மஞ்சள். ஏனென்று தெரியாமலே அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. கருணாகரனை அழைத்துக் காட்டினார்.

கருணாகரன் குனிந்து பார்த்துச் சிரித்தார். "தேனீயோட வேலை. நாம தடவினது வீண், அது கொண்டுவந்து போட்டது பிடிச்சிடுச்சு. தேனீ பஞ்சாங்கம் பார்க்கிறதில்லலா. இதுதான் ஐயா இந்தத் தோட்டத்திலேயே உண்மையான கல்யாணத்துல பிறந்த பிள்ளை. அம்மா வெள்ளை, அப்பா மஞ்சள், பிள்ளை மஞ்சள்."

சேதுராமன் தானும் குனிந்து அந்தப் பூவைப் பார்த்தார். அப்படியானால் தகப்பன் பக்கமும் வருமா என்று கேட்டார். வரும் என்றார் கருணாகரன். வெள்ளை அடியோடு போய்விடுமா என்று அடுத்துக் கேட்டார். அது எங்கேயும் போகாது, உள்ளே மறைந்து இருக்கும், இந்தச் செடியின் பிள்ளைகளில் நாலில் ஒன்று திரும்ப வெள்ளையாகவே பூக்கும், அதில் ஒரு குறையும் இல்லை என்றார் அவர். முதல் பாதி இனித்தது. இரண்டாம் பாதி பயமுறுத்தியது. என்ன ஆனாலும் அந்தப் பூ இருந்தால் போதும், மன்றத்துக்குக் காட்டலாம், கமலவேணிக்கு ஒரு வழி பிறக்கும் என்று சேதுராமன் நினைத்தார். அன்று முதல் அந்தச் செடிக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் விட்டார்.

மன்றம் அவசரக் கூட்டம் கூட்டியது. கொல்லையிலேயே நாற்காலி போட்டு, செடியை நடுவில் வைத்து உட்கார்ந்தார்கள். கருணாகரன் தேனீயைப் பற்றிச் சொன்னார். தேனீ மன்றத்தின் உறுப்பினர் அல்ல என்று மருதமுத்து ஆட்சேபித்தார். ஆட்சேபம் ஏற்கப்பட்டது. அப்புறம் பொன்னுதுரை பேசினார்.

"இந்தச் செடி நம் தோட்டத்தில் முளைத்தது அல்ல, நுழைந்தது. தாய் ஒரு நிறம், தான் ஒரு நிறம் என்று வேஷம் போட்டுக்கொண்டு நம்மோடு உட்கார்ந்திருக்கிறது. இதை விட்டுவைத்தால் நம் கண்டுபிடிப்பு தவறு என்றாகிவிடும். நம் கண்டுபிடிப்பு தவறு என்றால், அதை ஏகமனதாக நிறைவேற்றிய நாமெல்லாரும் யார்? ஆகவே உண்மையைக் காப்பாற்ற இதைப் பிடுங்கிவிட வேண்டும். யார் முன்வருகிறீர்கள்?"

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வை தன்னிடம் வந்து நின்றுவிடுமோ என்று சேதுராமனுக்குத் தோன்றியது. இந்தச் செடிக்கு நீ ஏன் அதிகம் தண்ணீர் விட்டாய் என்று யாராவது கேட்டுவிட்டால்? அவர்தான் முதலில் எழுந்தார். அடித்தண்டைப் பிடித்து இழுத்தார். முள் உள்ளங்கையில் ஏறியது. வேர் சுலபத்தில் விடவில்லை, இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. செடி வந்ததும் கைதட்டினார்கள். அங்கேயே அவரைப் பயிர்ப் பாதுகாப்பு உறுப்பினராக நியமித்தார்கள். கருணாகரன் மட்டும் நாற்காலியை மடக்கி வைத்துவிட்டுப் போனார். வேலிக்கு அப்பால் கணபதி குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, சேதுராமனால் அந்தப் பக்கம் தலையைத் திருப்ப முடியவில்லை.

வீட்டில் நாகம்மா அவர் கையைப் பிடித்து, ஊசியால் ஒவ்வொரு முள்ளாக எடுத்தாள். எது குத்தியது என்று கேட்டாள். ஒரு காட்டுச் செடி என்றார்.

ஊர்வலத்துக்கு முந்தைய ஞாயிறு மதியம் மன்றத்தில் பெருவிழா. உறுப்பினர் ஒவ்வொருவரும் மனைவியோடு மேடையேற வேண்டும். தலைவர் அந்த அம்மாளிடம் ஊரைக் கேட்பார். பதில் திருப்தியாக இருந்தால் மஞ்சள் குசும்பா குத்தப்படும், பிள்ளைக்கு லாரியில் இடம் உண்டு. இல்லாவிட்டால் வெள்ளைக் குசும்பாவும் 'நலன்விரும்பி' என்ற பட்டமும். நலன்விரும்பிகள் ஊர்வலத்தில் லாரிக்குப் பின்னால் தண்ணீர் தூக்கிக்கொண்டு வரலாம்.

இந்த முறை காய்ச்சல் என்று சொல்லித் தப்ப முடியாது. தாய்தானே கண்டுபிடிப்பின் மையம். சேதுராமன் நாகம்மாவிடம் கமலாவின் லாரிக்காக வர வேண்டும் என்று மட்டும் சொன்னார். கெபாயா வேண்டாம், சேலை கட்டிக்கொள் என்றார். தான் பேசிக்கொள்வதாகவும், அவள் சும்மா நின்றால் போதும் என்றும் சொன்னார். நாகம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போய்ச் சேலை கட்டக் கற்றுக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் மடிப்பு கலைந்துவிடாமல் கையால் பிடித்துக்கொண்டே வந்தாள்.

வாசலில் மருதமுத்து வரவேற்றார். ஓ, இவர்தான் அம்மாவா, உடம்பு தேவலையா, எந்த ஊர்ப் பக்கம் என்று கேட்டார். தஞ்சாவூர்ப் பக்கம் என்று சேதுராமன் சட்டென்று சொல்லிவிட்டார். எப்போதோ சொல்லி வைத்த பொய்தான், ஆனால் அவளை வைத்துக்கொண்டு சொல்வது அதுவே முதல் தடவை. நாகம்மாவுக்கு மன்றத் தமிழ் புரியாதே தவிர, வீட்டுத் தமிழ் நன்றாகவே புரியும். அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தாள்.

முதலில் பக்கத்து வீட்டுக் கணபதியை மேடைக்கு அழைத்தார்கள். தண்ணீர் கொடுத்த நன்றிக்காக. சலவை செய்த வெள்ளைச் சட்டையும் நெற்றி நிறையத் திருநீறுமாக வந்தார். பொன்னுதுரை அவருக்கு வெள்ளைப் பூவைக் குத்தி, மொழியை இழந்தாலும் குழாயை இழக்காதவர் என்று பாராட்டினார். சபை சிரித்தது. கணபதிக்கு அந்தத் தமிழ் புரியவில்லை. பாராட்டு என்று நினைத்துச் சபையைக் கும்பிட்டார். இறங்கி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

சேதுராமன் முறை வந்தது. கமலவேணியைக் கீழே நிறுத்திவிட்டு இருவரும் ஏறினார்கள். பொன்னுதுரை சேதுராமனைப் பார்க்கவே இல்லை. தகப்பனுக்குத்தான் பங்கு இல்லையே. நேராக நாகம்மாவிடம் திரும்பி, அம்மையார் எந்த ஊர் என்று கேட்டார்.

சேதுராமன் வாயைத் திறந்தார். கடைசி வரிசையில் ஒரு வெள்ளைப் பூ தெரிந்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கு அந்தக் கணத்தில் நிஜமாகவே தோன்றியது. இதோ உட்கார்ந்திருக்கிறாரே, அவர் மகள், இந்தத் தெருவிலேயே பிறந்தவள் என்று சொன்னால் என்ன ஆகிவிடும்? ஒரு லாரி போய்விடும். அவ்வளவுதான். ஆனால் முன்வரிசை முகங்களைப் பார்த்ததும் திறந்த வாயை மூடிக்கொண்டார். பொன்னுதுரை இரண்டாம் தடவை கேட்டார்.

நாகம்மா புருஷனின் முகத்தைப் பார்த்தாள். கீழே பச்சைப் பாவாடையில் நின்ற மகளைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நின்று சொன்னாள்.

"தஞ்சாவூர்."

பொன்னுதுரை சபையை நோக்கித் திரும்பினார். அவர் குரல் தழுதழுத்தது.

"கேட்டீர்களா அந்த உச்சரிப்பை! எத்தனை கடல் கடந்தாலும் காவிரி வற்றாத நாக்கு. ஒரே சொல்லில் குலம் தெரிகிறது. சற்று முன் இங்கே ஏறிய நம் பக்கத்து வீட்டுப் பெரியவரின் முகத்தையும், இந்த அம்மையாரின் முகத்தையும் ஒரு தடவை பாருங்கள். நெற்றி, மூக்கு, நிற்கிற நிலை. விதையின் வேறுபாடு கண்ணுக்கே தெரிகிறதா இல்லையா?"

சபை திரும்பிக் கணபதியைப் பார்த்தது. திரும்பி நாகம்மாவைப் பார்த்தது. ஒரே நெற்றி, ஒரே மூக்கு. தெரிகிறது, தெரிகிறது என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

முதலில் கைதட்டியவர் கணபதி. எல்லாரும் தன் பக்கம் திரும்பியதில் ஏதோ ஆபத்து என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மகளை அறிமுகமில்லாத ஒரு சீமாட்டியைப் பார்ப்பது போல மரியாதையாகப் பார்த்துக்கொண்டு, மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டே இருந்தார். சேதுராமனுக்கு மேடை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. மேடை மன்றத்தின் மேடை. தீர்மானம் இல்லாமல் அது பிளக்காது. நாகம்மாவின் சேலையில் மஞ்சள் பூ குத்தினார்கள். கமலவேணிக்கு லாரியில் முன்வரிசை என்று அறிவித்தார்கள்.

சாப்பாட்டுக்கு அவர்கள் நிற்கவில்லை. மாலை பஸ்ஸில் செமாபோக்குக்குத் திரும்பினார்கள். கமலவேணி ஜன்னலோரம், நாகம்மா நடுவில். சேதுராமன் ஓரத்தில் உட்கார்ந்து உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வந்தார். அவள் அழுதிருந்தால் தேவலை, திட்டியிருந்தால் அதைவிடத் தேவலை. இத்தனை வருஷம் இவளை நினைத்து வெட்கப்பட்டோமே, வெட்கப்பட வேண்டிய ஆள் இந்த ஓர இடத்தில் அல்லவா உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும். எந்த மொழியில் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை.

நாகம்மாவே பேசினாள். அவள் குரலில் கோபம் இல்லை. சமையலுக்கு என்ன வாங்க வேண்டும் என்று கேட்பது போலத்தான் கேட்டாள்.

"தஞ்சாவூர் எங்க இருக்கு? ஆறு இருக்கா, கடல் இருக்கா? கமலாவுக்குச் சொல்லிக் குடுக்கணும். லாரியில யாராச்சும் கேட்டா அது முழிக்கக் கூடாது."

சேதுராமனுக்குத் தெரியாது. அவர் பிறந்தது ஜாசின் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அவர் அப்பா எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார் என்பதையே அவர் சரியாகக் கேட்டு வைத்துக்கொண்டதில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்று சொல்ல நினைத்தார். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று நிமிர்ந்தார்.

அதற்குள் கமலவேணி அம்மாவின் மடியைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். அவள் முகமெல்லாம் பெருமை.

"நான் முழிக்க மாட்டேன்பா. தாத்தா என்னைத் தாண்டித்தான் போனாரு. நான் கூப்பிடவே இல்ல. யாருன்னு பக்கத்துப் பிள்ளை கேட்டுச்சு, தண்ணி குடுக்கிற ஆளுன்னு சொல்லிட்டேன். தாத்தா காதுலயும் விழுந்துச்சு, அவரும் சிரிச்சாரு. நான் சரியாத்தானே செஞ்சேன்?"

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. நாகம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளை பதிலுக்காக அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்" என்றார் சேதுராமன்.